இருட்டில் விசில்

சமையல் காஸ் சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க நம் வீடுகளில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சிலிண்டரை லேசாகத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு 'இன்னும் பத்து நாள் வரும்' என்று சொல்வது. இது ஆண்கள் வழி. மறுநாள் காலை இட்லி பாதி வேகும்போது தீர்ந்துவிடும். இரண்டாவது, மாட்டிய தேதியை காலண்டரில் குறித்து வைப்பது. விருந்தாளி வராத வீடுகளுக்கு இது சரிப்படும்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். ஈரத் துணியால் சிலிண்டர் உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். மேல் பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே திரவம் நிற்கிற பாகத்தில் மட்டும் ஈரம் காய லேட் ஆகும். ஈரத்தின் உயரம்தான் காஸின் உயரம். இரும்புக்குள்ளே எட்டிப் பார்க்காமல், காஸை ஒரு சொட்டு செலவழிக்காமல், வேறு எதையோ பார்த்து இதைத் தெரிந்துகொள்கிறோம்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகிற சிலிண்டர் கொஞ்சம் பெரிசு. அதற்குப் பெயர் காலக்ஸி.

ஆரம்பித்து வைத்தது என் பக்கத்து சீட் தம்பி. பேப்பரில் வந்த ஒரு துணுக்கை மடித்து என் மேஜையில் போட்டான். தொலைதூர காலக்ஸிகளில் மூலக்கூறு வாயுவை ரேடியோ டெலஸ்கோப் மூலம் அளந்திருக்கிறார்களாம்.

"ஸார், எங்க வீட்டு சிலிண்டர்ல எவ்ளோ இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ இருந்த காஸு, இத்தனை கோடி சூரியன் வெயிட்டுன்னு இவங்க எப்படி ஸார் சொல்றாங்க? அடிச்சு விடறாங்களா?"

அன்று தேதி இருபத்தாறு. மாசக் கடைசியில் எந்தப் பெரிய நம்பரைப் பார்த்தாலும் மனுஷனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

* * *

முதலில், இந்தக் காஸை எதற்கு அளக்க வேண்டும்?

நட்சத்திரம் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். ஆனால் எந்த ஹைட்ரஜனும் உடனே நட்சத்திரமாகிவிடாது. சூடாக இருக்கிற வாயு துள்ளிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் ஒடுங்காது. அது குளிர வேண்டும். மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே போகவேண்டும். அந்தக் குளிரில், தூசிகளின் மறைவில், ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து மூலக்கூறு ஆகின்றன. அப்படிப்பட்ட மேகம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் சரிந்து, இறுகி, சூடேறி, கடைசியில் பற்றிக்கொள்கிறது. நட்சத்திரம் பிறந்தது.

ஆகவே மூலக்கூறு ஹைட்ரஜன்தான் ஒரு காலக்ஸியின் சமையல் காஸ். அது தீர்ந்தால் அடுப்பு அணைந்தது. பழைய நட்சத்திரங்கள் எரிந்து தீரும். புதுசு வராது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஹைட்ரஜன் ஜோடி ஒரு ஊமை. ஜோடியில் இரண்டு பேரும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். இந்தப் பக்கம் கொஞ்சம் பிளஸ், அந்தப் பக்கம் கொஞ்சம் மைனஸ் என்கிற மின்சார ஏற்றத்தாழ்வு கிடையாது. ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருப்பது சமூகத்துக்கு நல்லது. ரேடியோ ஒலிபரப்புக்கு ஆகாது. அந்தக் கடுங்குளிரில் அது எந்த சிக்னலும் அனுப்பாமல் கம்மென்று கிடக்கிறது. பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருக்கும் மூலக்கூறு இது. நேரே பார்க்க முடியாது.

ஈரத் துணி வேண்டும். இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்ஸைடு.

மூடின ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்தால் ஆளைக் கொல்லும் அதே விஷவாயுதான். அந்த மேகங்களில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. சுமார் பத்தாயிரம் ஹைட்ரஜன் ஜோடிக்கு ஒன்று. கார்பன் ஒரு பக்கம், ஆக்ஸிஜன் ஒரு பக்கம் என்பதால் இதில் அந்த ஏற்றத்தாழ்வு உண்டு. சுழலும்போது குட்டி ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். பக்கத்தில் போகிற ஹைட்ரஜன் வந்து மோதினால் சுழல ஆரம்பிக்கும். சுழற்சி குறையும்போது 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில், 115 கிகாஹெர்ட்ஸில், ஒரு சிக்னலைக் கக்கும். நம் எஃப்.எம். ரேடியோவைவிட அதிர்வெண் ஆயிரம் மடங்குக்கு மேல்.

இதைப் பாண்டிச்சேரிக் கணக்கில் சொல்கிறேன். ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் தேர் பார்த்துவிட்டு ஜனங்கள் ராத்திரி திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கரண்ட் போய்விட்டது. நீங்கள் மாடியில் நிற்கிறீர்கள். கீழே இருட்டு. எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியாது. ஆனால் பத்தாயிரம் பேருக்கு ஒரு பையன் வீதம் வாயில் விசில் வைத்திருக்கிறான். யாராவது இடித்தால் ஒரு ஊது ஊதுவான். நீங்கள் விசிலை எண்ணுகிறீர்கள், பத்தாயிரத்தால் பெருக்குகிறீர்கள், கூட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அவ்வளவுதான் ஸார் விஷயம். மீதி எல்லாம் பட்ஜெட்.

* * *

இந்த விசிலை முதன்முதலில் விண்வெளியில் கேட்டது 1970-ல். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் கிட் பீக் மலையில் இருந்த டெலஸ்கோப்பை வைத்து ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்ஸியாஸ் மூவரும் ஓரியன் பக்கம் திருப்பினார்கள். உடனே கேட்டது. அதுவும் பலமாக. இவர்களில் வில்சனும் பென்ஸியாஸும் பிற்பாடு 1978-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அது வேறு சமாசாரத்துக்கு. பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சத்தைக் கண்டுபிடித்ததற்கு.

ஓரியன் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கிற இடம். பக்கத்துத் தெரு. ரொம்ப தூரத்துக் காலக்ஸியில் விசில் கேட்க மேலும் இருபது வருஷம் ஆயிற்று. 1991-ல் ராபர்ட் பிரவுன், பால் வாண்டன் பௌட் என்ற இருவர், மோட்டார் வண்டி நம்பர் மாதிரி பெயர் வைத்த ஒரு காலக்ஸியிலிருந்து - ஐராஸ் எஃப்10214+4724 - அந்த சிக்னலைப் பிடித்தார்கள். புறப்பட்டு ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலான சிக்னல்.

'ஆயிரம் கோடி என்று எப்படித் தெரியும்?' என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது. வழியில் வருகிற ரேடியோ அலையும் எலாஸ்டிக் மாதிரி கூடவே நீள்கிறது. ஆகவே 115-ல் ஊதின விசில் நம்மிடம் வந்து சேரும்போது சுருதி இறங்கிப்போய் வரும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், எப்போது கிளம்பியது என்று கணக்கிட்டுவிடலாம். தபாலில் முத்திரைத் தேதி குத்தி அனுப்பின மாதிரி.

அந்த 1991 காலக்ஸிக்கு வருவோம். வந்த விசிலை வைத்துப் பெருக்கினால் பிரம்மாண்டமான காஸ் கணக்கு வந்தது. எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது. அதற்கும் நமக்கும் நடுவே இன்னொரு காலக்ஸி நின்றுகொண்டிருந்தது. அதன் ஈர்ப்பு விசை லென்ஸ் மாதிரி வேலை செய்து பின்னால் இருந்ததைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டியிருந்தது. கணக்கைக் குறைத்து எழுதவேண்டியதாயிற்று. குறைத்தார்கள். பகிரங்கமாகவே குறைத்தார்கள். விரலையும் எடுத்துவிட்டார்கள்.

* * *

விசில் கணக்கில் இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் தெரு சொல்தா மாமாவிடம் போகவேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். ஜூலை 14 அன்று மெடலெல்லாம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வருவார்கள். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வரும். முன்பு ஃப்ராங்கில் வந்தது. யூரோ வந்தபோது ஒரு யூரோவுக்கு 6.55957 ஃப்ராங்க் என்று ஐந்து தசம ஸ்தானத்துக்கு ரேட் போட்டு மாற்றினார்கள். மாமாவுக்கு அந்த ஐந்து தசமமும் இன்றைக்கும் மனப்பாடம்.

அவரைத் தெருவில் பார்த்தால் "என்ன மாமா, சௌக்கியமா?" என்பேன். "ரேட்டு என்ன?" என்பார். சௌக்கியம் ரேட்டைப் பொறுத்தது. பென்ஷன் தொகை மாறவில்லை. ஆனால் ரூபாயில் அது எவ்வளவு என்பது, அன்றைக்கு ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்பதில் இருக்கிறது.

காலக்ஸிக் கணக்கும் அப்படித்தான். ஒரு விசிலுக்கு எத்தனை ஆள் என்கிற ரேட் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. தேர் பார்த்துத் திரும்பும் கூட்டத்தில் பத்தாயிரத்துக்கு ஒரு விசில். பெரிய ஹீரோ படம் முதல் நாள் முதல் ஷோ வாசலில்? மூன்று பேருக்கு ஒரு விசில்! இரண்டு இடத்திலும் நூறு விசில் கேட்டது என்பதற்காகக் கூட்டம் ஒன்று என்று சொல்லமுடியுமா?

நம் பால்வீதி மாதிரி சாதுவான காலக்ஸிகளுக்கு, விஞ்ஞானிகள் பயன்படுத்தும் அலகுகளில், ரேட் 4.3 சுமார். இரண்டு காலக்ஸிகள் மோதிக்கொண்டு அவசர அவசரமாக நட்சத்திரம் பெற்றுத்தள்ளும் இடங்களுக்கு 0.8. அங்கே காஸ் சூடாக, கொந்தளிப்பாக இருப்பதால் விசில் பலமாகக் கேட்கும். ஆளோ கம்மி. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! கார்பனும் ஆக்ஸிஜனும் அதிகம் சேராத குட்டிக் காலக்ஸிகளில் நேர்மாறு. காஸ் இருக்கும், விசில் அடிக்கத் தெரிந்தவன் இருக்கமாட்டான்.

ஆகவே, தூரத்துக் காலக்ஸியைப் பார்த்து 'இவ்வளவு காஸ்' என்று ஒருவர் சொன்னால், அதற்குள் ஒரு ரேட் ஒளிந்திருக்கிறது. எந்த ரேட் என்பதைக் கட்டுரையிலேயே அச்சடித்துவிடுவது அவர்கள் வழக்கம். வேறு ரேட் போட்டால் விடை எவ்வளவு மாறும் என்றும் சொல்வார்கள். தூசியின் வெப்பத்தை வைத்தோ, காலக்ஸி சுழலும் வேகத்தை வைத்தோ தனியாக ஒரு கணக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள்.

பக்கத்து சீட் தம்பிக்கு என் பதிலின் முதல் பாதி இதுதான். அடித்து விடுகிறவன் ரேட்டைச் சொல்லமாட்டான்.

* * *

ஆகாயத்தை அளக்கிற வேலையில் எங்கள் ஊருக்கு ஒரு சோகமான சரித்திரமும் உண்டு.

1760-ல் குய்யோம் லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியல் விஞ்ஞானி பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது. அதைப் பல தேசங்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்துவிடலாம். அவர் நெருங்கி வருவதற்குள் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இறங்க முடியவில்லை. ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு வெள்ளியைப் பார்த்தார். அளவுக்கு உதவவில்லை.

அடுத்த சான்ஸ் 1769. இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768-ல் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. இடிந்த கோட்டை மேல் அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார்கள். 1769 ஜூன் 4 காலை. எட்டு வருஷம் காத்திருந்த காலை.

மேகம்.

வெள்ளி கடந்து போகிறவரை மூடியிருந்தது. போனதும் வெயில் பளிச்சென்று அடித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொட மனம் வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். 1771-ல் பிரான்ஸ் திரும்பினால், ஆள் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, விஞ்ஞான அகாதமியில் அவர் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாவம் முசியே, ஒரு வார்த்தை ரேடியோவைப் பற்றித் தெரிந்திருந்தால்! நீண்ட ரேடியோ அலைகளுக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. பட்டப்பகலிலும் ராத்திரியிலும் அளக்கலாம். ஆனால் நம் விசில் மில்லிமீட்டர் அலை. காற்றிலுள்ள நீராவி அதைக் குடித்துவிடும். அதனால்தான் இதற்கான டெலஸ்கோப்புகளைப் பாண்டிச்சேரிக் கடற்கரையில் வைக்காமல் மலை உச்சியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் 2,550 மீட்டர் உயரத்தில் ஒன்று. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில், 2013-ல் திறந்துவைத்த 66 ஆன்டெனாக் கூட்டம். அதற்குப் பெயர் அல்மா. அந்த உயரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆக்ஸிஜன் டப்பா தேவைப்படும். நம் ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேர் என்றால் நாம் விடுகிற சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

* * *

சரி, இத்தனை உயரம் ஏறி என்ன கண்டார்கள்?

2010-ல் லிண்டா டக்கோனி தலைமையிலான குழு, அந்த பிரெஞ்சு ஆல்ப்ஸ் டெலஸ்கோப்பில் காதை வைத்துக் கேட்டதை 'நேச்சர்' இதழில் எழுதியது. மோதல் கீதல் இல்லாத, சாதாரண காலக்ஸிகள். சுமார் 850 கோடி ஆண்டுகளுக்கு முன், நட்சத்திரமும் மூலக்கூறு காஸும் சேர்ந்த எடையில் 34 சதவிகிதம் காஸ். இன்னும் பின்னால் போய்ச் சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் பார்த்தால் 44 சதவிகிதம். இன்றைய பெரிய காலக்ஸிகளில் பத்து தேறினால் அதிகம். பிற்பாடு அல்மா வைத்து வானத்தின் ஒரு சின்னத் துண்டைச் சல்லடை போட்டுத் தேடினபோதும் அதே கதை. பிரபஞ்சத்தின் மொத்த மூலக்கூறு காஸ், அதன் உச்சத்திலிருந்து இன்றைக்கு ஆறேழு மடங்கு இறங்கியிருக்கிறது.

நட்சத்திரம் பிறப்பதும் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்து, இன்று பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது. பழைய காலத்தில் ஏன் அப்படி ஜாம்ஜாம் என்று செலவழித்தார்கள்? பையில் இருந்தது, செலவழித்தார்கள். இதற்கு விஞ்ஞானமே வேண்டாம். ஒன்றாம் தேதி சாயங்காலம் நேரு வீதியில் போய் நின்றால் போதும்.

ஆனால் கணக்குப் போட்டால் ஒரு இடி இடிக்கிறது. நம் பால்வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு காஸ் கையிருப்பு சுமார் நூறு கோடி சூரியன் எடை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள். வகுத்துப் பாருங்கள். நூறு கோடி ஆண்டுகளுக்குள் பை காலி. பால்வீதிக்கு வயசோ ஆயிரம் கோடிக்கு மேல். எப்போதோ அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. அப்படியானால் எங்கிருந்தோ வருமானம் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

மூலக்கூறு காஸ் என்பது சட்டைப்பையில் இருக்கும் ரொக்கம். ஜோடி சேராத தனி அணு ஹைட்ரஜன்தான் பாங்கில் கிடக்கும் டெபாஸிட். அது குளிர்ந்து ஜோடி சேர்ந்தால் ரொக்கமாகும். காலக்ஸிகளுக்கு வெளியே இருந்து மெல்ல வந்து விழுகிற வாயுதான் சம்பளம். ரொக்கத்தை எண்ண கார்பன் மோனாக்ஸைடு போதும். டெபாஸிட் எவ்வளவு?

அந்தப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தவர்கள் நம்மவர்கள்.

* * *

அதே 1970-ல், அமெரிக்காவில் விசில் கேட்ட வருஷம், நம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் ஒரு ரேடியோ டெலஸ்கோப் வேலை செய்ய ஆரம்பித்தது. டாடா ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவருடைய யுக்தி ரொம்ப சிக்கனமானது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப்பிடித்து, வடக்கு தெற்காக அதன்மேல் டெலஸ்கோப்பைப் படுக்கவைத்தார். உடனே அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனால் ஒரு நட்சத்திர மண்டலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் தொடரலாம். மலையையே ஸ்டாண்டாகப் பயன்படுத்திக்கொண்ட மூளை!

அதே மனிதர்தான் 1990-களில் புனேக்கு வடக்கே, நாராயண்காவ் பக்கத்தில், கோடாட் கிராமத்தில் ஜி.எம்.ஆர்.டி.யைக் கட்டினார். 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. தகடு போட்டால் செலவு, காற்றும் தள்ளும் என்று கம்பி வலையை இழுத்துக் கட்டினார்கள்.

தனி ஹைட்ரஜன் அணு ஊமை இல்லை. 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் தானே பேசும். விசில் பையனும் வேண்டாம், ரேட்டும் வேண்டாம். ஆனால் குரல் பரம ரகசியம். எண்ணூறு கோடி வருஷ தூரத்திலிருந்து ஒரு காலக்ஸியின் முணுமுணுப்பு டெலஸ்கோப்புக்கு லேசில் கேட்காது. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆதித்ய சௌத்ரி, நிஸ்ஸிம் கானேகர், ஜெயராம் செங்கலூர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் ஷிவ் சேத்தி, கே.எஸ். துவாரகாநாத் ஐவரும் ஒன்று செய்தார்கள். 7,653 காலக்ஸிகளின் முணுமுணுப்பைச் சுமார் 100 மணி நேரம் பதிவு செய்து, எல்லாவற்றையும் சுருதி சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சராசரிக் குரல் மேலே எழும்பி வந்தது.

சேதி இதுதான். சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த காலக்ஸிகளில் டெபாஸிட் நிறைய. ஆனால் அவை செலவழித்த வேகத்துக்கு நூறு, இருநூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் வரும். வெளியிலிருந்து சம்பளம் போதுமான அளவு வரவில்லை. அதனால்தான் பிற்பாடு நட்சத்திர உற்பத்தி படுத்துவிட்டது. கட்டுரை 'நேச்சர்' இதழில் 2020 அக்டோபரில் வந்தது. டெலஸ்கோப் கட்டின ஸ்வரூப் அந்த வருஷம் செப்டம்பர் 7 அன்று காலமாகிவிட்டார். ஐந்து வாரம் தாமதம்.

அதே கானேகர், அதே ஆண்டு மே மாதம், வெளிநாட்டு நண்பர்களோடு சேர்ந்து 1,200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு காலக்ஸியின் சுழற்சியையும் காஸையும் அளந்து எழுதியவர். உல்ஃப் வட்டு என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அல்மாவோடு அமெரிக்க ரேடியோ டெலஸ்கோப்பில் கேட்ட கார்பன் மோனாக்ஸைடு விசிலும் கைகொடுத்தது.

* * *

இனி பதிலின் இரண்டாவது பாதி.

லெ ஜாந்தீ பாண்டிச்சேரியிலிருந்து வெறும் கையோடு போகவில்லை. இங்கே கிரகணம் கணிக்கிற தமிழர்களின் வித்தையைக் கற்றுக்கொண்டார். புத்தகத்தைப் புரட்டாமல், அட்டவணைகளை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே போடுகிற கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று ஒரு தமிழர் இப்படிக் கணித்ததை எடுத்து, நிஜத்தோடு ஒப்பிட்டார். 41 விநாடி குறைவு. அப்போது ஐரோப்பாவில் ஒசத்தி என்று கொண்டாடப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி பார்த்தால் 68 விநாடி அதிகம்.

அகாதமி நாற்காலிக்காரர் ஒருவர் இதைச் சத்தமில்லாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஊருக்குப் போய் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தார். சூரியனின் தூரத்தை அளக்க வந்து தோற்றுப்போனவர்தான். ஆனால் ஒரு கணக்கு எத்தனை விநாடி பொய்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கணக்கு என்பதில் அவர் தோற்கவில்லை. விசிலை எண்ணி ஆளைச் சொல்பவர்களும், 7,653 முணுமுணுப்பை அடுக்கினவர்களும் அந்த வழக்கத்தைத்தான் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் 'கூட்டல் குறைத்தல் இவ்வளவு' என்று ஒரு வால் உண்டு.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் யாராவது பெரிய நம்பர் ஒன்றைச் சொன்னால் - மாநாட்டுக்கு வந்த தலைகள், கம்பெனியின் அடுத்த வருஷ லாபம், கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளையின் சம்பளம் - வாலைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சொல்தா மாமா மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ரேட்டு என்ன?"